சின்னக் காரும் பெரிய சோடனையும்

முழங்கால் வாதத்தால் வருந்தும் எமது தாயாரைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு மாதம் ஒருமுறை அழைத்துச் செல்லவேண்டிய கடமை எமக்கு வாய்த்தபோது, பஸ்ஸின் படிகளே அவருக்கு மலையாய்த் தோன்றின. முச்சக்கர வண்டியில் 60 கிலோமீற்றருக்கு மேற் குலுங்கிச் செல்வதோ அவரால் ஆகாத காரியம். ஆகவே 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கடன்பட்டு ஒரு பழைய மாருதி ஆல்ட்டோக் காரை வாங்கினோம். 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையாற் பழைய கார்களுக்கு மவுசு மிகுந்திருந்த காலம் அது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். புதிய கார் வாங்க வழியற்றோர் பழையதைப் புதுக்கிக்கொள்ள முற்படுதல் இயல்பு, நாமும் முற்பட்டோம்.

அக்காரின் நீளம் மூன்றரை மீற்றருக்கு உட்பட்டது. அகலம் ஒன்றரை மீற்றர். அதனுள் நால்வர் செம்மையாக அமரலாம்; ஐவர் அமர்ந்தால் மூச்சை முறைவைத்தே விடவேண்டும். ஆயினும், தாயார் சுகமாகப் பிரயாணஞ் செய்யவேண்டும் என்ற ஆவலினால், முதல் மாதத்திலேயே கடைத்தெருவில் அகப்பட்டவற்றையெல்லாம் வாங்கி உள்ளே சேர்த்துவிட்டோம். ஆசனத்தின்மேல் மூன்று அங்குலப் பஞ்சுமெத்தை, கழுத்துக்கு ஒரு தலையணை, ஸ்ரேரிங் சில்லுக்கு ஓர் உறை, கண்ணாடிகளுக்குக் கறுப்புத் திரைகள், தரைக்குத் தடித்த றப்பர் விரிப்பு, பற்றரியிற் சுழலும் சிறு விசிறி, வாசனைத் திரவியப் போத்தல் ஒன்று. இவை போதாவென்று தமக்கையார் தம் கையாற் பின்னிய வெள்ளைச் சரிகைத் துணியொன்றை டாஷ்போட்டின்மேல் விரித்தார். அவர் மகன் காலடியில் நீல விளக்கொளி வரும்படி ஒரு மின்பட்டியை ஒட்டினான். எல்லாம் முடிந்தபின் தாயாரை அழைத்துக் காட்டினோம். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "தம்பி, உவ்வளவும் எனக்கோ, காருக்கோ?" என்று வினவினார்.

அவ்வினாவுக்கு விடை காண எமக்கு மூன்று பிரயாணங்கள் வேண்டியிருந்தன.

சிறிய காரையும் அதனுட் சேர்க்கும் சுகப்பொருள்களையும் பற்றிய வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. 1956ஆம் ஆண்டுச் சூயெஸ் நெருக்கடியால் இங்கிலாந்திற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் பின்னர்ச் சிறு காரொன்றை ஆக்கும் பணி அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞரிடம் ஒப்புவிக்கப்பட்டது. எம் நாட்டில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரை 1948இல் உலகுக்கு அளித்தவரும் அவரே. 1959இல் வெளிவந்த அவரது மினிக் கார் பத்தடி நீளமே கொண்டது. எனினும் எந்திரத்தைக் குறுக்காக வைத்து, தரைப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கை மனிதருக்கும் மூட்டைமுடிச்சுக்கும் ஒதுக்கினார். வானொலியைக் காரில் வைப்பது அவருக்கு உவப்பன்று. சாரதி மிகையான சுகத்தில் அமிழ்தலாகாது, சற்றே விழிப்பைத் தூண்டும் இருக்கையே அவனுக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. உலகம் அவர் சொல்லைக் கேட்டதா? 1963 முதல் ஹரோல்ட் ராட்ஃபோர்ட் என்னும் வண்டி கட்டுநர் அதே மினிக்குத் தோலாசனமும் மின்னால் இயங்கும் கண்ணாடியும் பொருத்திச் செல்வர்களுக்கு விற்றார். பீட்டில்ஸ் பாடகர் நால்வரும் அத்தகைய மினிகளை வைத்திருந்தனர். இசிகோனிசின் கொள்கை எமக்கு முழுதும் உடன்பாடன்று. எழுபத்தைந்து வயதுக் கிழவியின் முழங்காலுக்கு அக்கொள்கை என்ன செய்யும்? ஆயினும் பத்தடிக் காரில் ஓர் அங்குலத்தையும் வீணாக்க அஞ்சிய அந்த மனிதரை, மூன்று அங்குல மெத்தையைப் பார்க்கும்போதெல்லாம் நாம் நினைத்துக்கொண்டோம்.

முதற் பிரயாணத்தில் அம்மெத்தைதான் முதலிற் குற்றம் காட்டியது. புறப்படும்போது "மெத்தென்று இருக்குது" என்ற தாயார், இயக்கச்சியைக் கடக்குமுன்பே நெளியத் தொடங்கினார். காரணம் எளிது. மெத்தை உடலை உயர்த்திவிட்டது. பாதங்கள் தரையிற் படியவில்லை. தொடையின் கீழ்ப்புறம் ஆசனத்தின் விளிம்பில் அழுந்தி இரத்தவோட்டத்தைத் தடுத்தது. இதனினும் கேடான ஒன்றை நாம் பின்னரே அறிந்தோம். 2011ஆம் ஆண்டு முதல் எம் நாட்டில் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிதல் கட்டாயம். அப்பட்டி இடுப்பெலும்பின்மேற் படிந்திருந்தாலே காக்கும். மெத்தென்ற பஞ்சின்மேல் இருப்பவர், கார் திடீரென நிற்கும்போது பஞ்சு அமுங்க, பட்டியின் கீழாக முன்னோக்கி வழுக்குவார். பட்டி வயிற்றின்மேல் ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கும். தலைதாங்கியும் அவ்வாறே. அதன் மேல்விளிம்பு காதின் மேற்பகுதிக்காவது எட்டவேண்டும். உடல் மூன்று அங்குலம் உயர்ந்தால் அது பிடரிக்கு இறங்கிவிடும். பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதினாற் கழுத்துக்குக் காவல் இராது. கழுத்துத் தலையணையோ, தலையை முன்னே தள்ளித் தாயாரை ஓயாமல் தம் மடியையே பார்க்கச் செய்தது.

அன்றைய மற்றைய வேடிக்கையைத் தமக்கையாரின் சரிகைத் துணி நிகழ்த்திற்று. ஆனையிறவுக்கு வந்தோம். இருபுறமும் கடல்நீரேரி, உப்பளம், உச்சிவெயில். வெயில் டாஷ்போட்டில் விழ, வெள்ளைச் சரிகையின் பூவேலை முழுவதும் முன்கண்ணாடியில் நிழலுருவாய்ப் படிந்து, எதிரே வந்த லொறியின்மேல் ஒரு பெரிய தாமரையாக மலர்ந்தது. லொறியின் விளிம்பு எது, தாமரையின் இதழ் எது என்று பிரித்தறியச் சற்று நேரமாயிற்று. வீதியில் அத்துணை நேரம் எவருக்கும் தரப்படுவதில்லை. டாஷ்போட்டின்மேல் எதையேனும் விரிப்பதாயின் அது கருமையும் மங்கலும் உடையதாயிருத்தல் வேண்டும். மினுக்கும் மெழுகும் அதற்கு ஆகா. துணியை மடித்துத் தாயாரின் மடியில் வைத்தோம். தமக்கையார் ஒருவாரம் எம்முடன் பேசவில்லை.

நிற்க. மெத்தையை எடுத்தபின் பழைய ஆசனத்தின் பள்ளம் மீண்டும் தலைகாட்டிற்று. கிளிநொச்சியிற் குஷன் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றோம். அவர் யாழ்ப்பாணத்து ஹயர் கார்களுக்குத் தும்பு அடைத்துத் தொழில் பழகியவர். ஒஸ்ரின், மொறிஸ் என்னும் அக்கார்கள், 1990ஆம் ஆண்டுகளிற் பெற்றோல் கிடையாமல், சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தையும் கண்டவர். அவர் எமது மெத்தையைத் திரும்பியும் பாராமல், ஆசனத்தின் நடுவே உள்ளங்கையை ஊன்றி அழுத்தினார். "ஐயா, மேலே வைக்கிறதை விட்டிட்டு உள்ளே இருக்கிறதைப் பாருங்கோ" என்றார். உறையைக் கழற்றியபோது உட்பஞ்சு நடுவில் நொந்து பிளந்திருந்தது. அதனைத் தாங்கும் பட்டிகளில் இரண்டு அறுந்திருந்தன. பட்டிகளை மாற்றி, இறுக்கமான புதுப் பஞ்சைப் பழைய அளவுக்கே வெட்டி வைத்து, பழைய உறையையே திரும்பத் தைத்துக் கொடுத்தார். அவர் பெற்ற கூலி, நாம் கடைத்தெருவிற் கொட்டியதிற் பாதிகூட இல்லை. இடுப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டோம். "ஒரு துவாயைச் சுருட்டி நாரியிலே வையுங்கோ, காணும்" என்றார். நாரியின் இயற்கையான உள்வளைவைத் தாங்குவதற்குக் கைதடிமனாகச் சுருட்டிய துவாயே போதுமென்பதை அடுத்த பிரயாணத்திற் கண்டோம். இத்துடன் மணிக்கு ஒருமுறை காரை நிறுத்தி இறங்கி நாலடி நடப்பித்தலும் வேண்டும். பளையில் ஒரு தேநீர்க்கடை அதற்கு உதவிற்று.

ஆசன உறைகளைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். அதனை நாம் பின்னர் விசாரித்தும் தெளிந்தோம். எமது காரிற் காற்றுப்பை இல்லை. ஆயின், 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல், மோதலின்போது ஆசனத்தின் வெளிப்பக்கத்திலிருந்து வெடித்து விரியும் காற்றுப்பைகள் கார்களில் வரலாயின. அத்தகைய ஆசனத்தை முழுதும் போர்த்து இறுகத் தைத்த உறை, பையை வெளிவரவிடாமற் தடுத்துவிடும். ஆசனத்தின் பக்கத்திற் காற்றுப்பை என்ற சிறு முத்திரை உள்ளதா என்று பார்த்த பின்னரே உறை வாங்குதல் முறை.

இனி, இரண்டாம் பிரயாணத்தில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். இதனை எழுத இன்றும் கை சற்றே நடுங்குகிறது.

தடித்த றப்பர் விரிப்பை, காருடன் வந்த பழைய துணி விரிப்பின் மேலேயே போட்டிருந்தோம். எக்காருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்றது அது. எக்காருக்கும் பொருந்துவது எக்காருக்கும் செவ்வையாகப் பொருந்தாது என்பது அப்போது எமக்கு விளங்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த காலை. பரந்தன் சந்தியை நெருங்கி, முல்லைத்தீவு வீதியிலிருந்து ஒரு உழவு இயந்திரம் திரும்புவதைக் கண்டு அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தோம். கால் வந்தது, அக்சிலேற்றர் வரவில்லை. ஈரத்தில் வழுக்கி முன்னே நகர்ந்த விரிப்பின் மடிந்த விளிம்பு அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கார் உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது. கிளச்சையும் பிறேக்கையும் ஒருங்கே அடியோடு மிதித்தோம். எந்திரம் பேரோலமிட்டது, ஆயினும் சில்லுகளுடன் அதன் தொடர்பு அற்றமையாற் கார் நின்றது. உழவு இயந்திரத்தின் பெட்டிக்கும் எமக்கும் இடையில் ஓராள் நிற்கும் இடமே இருந்தது. திறப்பைத் திருப்பி எந்திரத்தை அணைத்தோம். தாயார் ஒன்றும் அறியார், "ஏன் தம்பி இவ்வளவு அவசரம்? கிளினிக் எட்டு மணிக்குத்தானே" என்றார்.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்த விபரீதமன்று. 2009ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் சான் டியாகோ நகரருகே, விற்பனை நிலையமொன்று இரவலாகக் கொடுத்த லெக்சஸ் காரில் ஒரு குடும்பத்தினர் சென்றனர். வேறொரு மாதிரிக் காருக்குரிய தடித்த விரிப்பு அதனுள் இடப்பட்டிருந்தது. அது அக்சிலேற்றரைப் பிடித்துக்கொள்ள, கார் கட்டுக்கடங்காமல் ஓடி மோதி, உள்ளிருந்த நால்வரும் மாண்டனர். காரைச் செலுத்தியவர் நெடுஞ்சாலைப் பொலிஸ் உத்தியோகத்தர், சாரத்தியம் அறியாதவரல்லர். அதன் பின்னர் ரொயோட்டா நிறுவனம் அவ்வாண்டிலேயே ஏறக்குறைய 38 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து, விரிப்பினால் நேரும் இடரை நீக்க முற்பட்டது. ஒரு துண்டு றப்பர் செய்த வேலை இது.

ஆகவே சாரதியின் காலடியில் ஒரு விரிப்புக்குமேல் இருத்தலாகாது. அந்த ஒன்றும் அக்காரின் அளவுக்கே வெட்டியதாய், தரையிலுள்ள கொளுவியில் மாட்டி நகராதிருக்க வேண்டும். அக்சிலேற்றரை அடிவரை அழுத்திவிட்டாலும் அதன் விளிம்பு முட்டாதிருத்தலைக் கையாற் பார்த்தறிதல் நன்று. அக்சிலேற்றர் எப்போதேனும் சிக்கினாற் பிறேக்கை விட்டுவிட்டு மிதியாமல் ஒரே மூச்சில் இறுக மிதிக்கவேண்டும். கிளச் உள்ள காராயின் அதனையும் மிதிக்க. கிளச் இல்லாத காராயின் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுக. ஓடும்போது திறப்பை முற்றாக உருவிவிட்டால் ஸ்ரேரிங் பூட்டிக்கொள்ளும். அது மற்றொரு ஆபத்து. கார் ஓட்டப் பழகும் மாணவர்கள் இதனை வீட்டு முற்றத்திலேயே எந்திரத்தை அணைத்து வைத்துப் பழகலாம்.

அன்று மாலையே விரிப்பு கிணற்றடிக்குப் போயிற்று. நீல விளக்கு மாத்திரம் மருமகனின் வேண்டுகோளால் இன்னும் சில நாள் தங்கிற்று. அதுவும் விசிறியும் வேறு சில பொருள்களும் ஒரே சொக்கற்றில் மாட்டப்பட்டிருந்தன. ஒருநாள் பியூஸ் எரிந்தது. மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் 10 அம்பியர்ப் பியூஸை எடுத்துவிட்டு 20 அம்பியர்ப் பியூஸைச் செருகி, "இனிப் போகாது, அண்ணை" என்றார். பியூஸ் போகாது; வயர் போகும் என்பதை நாம் கருகிய மணத்தால் உணர்ந்தோம். பியூஸ் என்பது வயரைக் காக்கத் தன்னை எரித்துக்கொள்ளும் காவலாளி. காவலாளியைப் பருமனாக்கினால் வயரின் வலிமை கூடிவிடுமா? கணக்கு மிக எளிது. காரின் பற்றரி 12 வோல்ற்று. 60 வாற்றுப் பொருள் 5 அம்பியரை இழுக்கும். 120 வாற்று 10 அம்பியர். சொக்கற்றின் எல்லை பொதுவாக அவ்வளவே. மேலும், சிறு காரின் பற்றரி ஏறக்குறைய 35 அம்பியர்-மணி கொள்வது. எந்திரம் நின்றிருக்க 4 அம்பியர்ப் பொருளொன்றை நாலைந்து மணித்தியாலம் ஓடவிட்டால் ஏறக்குறையப் பாதி வற்றிவிடும். பின்னர்க் காரைத் தள்ளித்தான் கிளப்பவேண்டும். வைத்தியசாலை வாசலில் அதுவும் நாம் செய்தோம்.

விசிறியினால் வெப்பம் தணிந்ததா? இல்லை. மூடிய காருள் வெயிலின் ஒளி கண்ணாடியூடாக நுழைந்து டாஷ்போட்டையும் ஆசனங்களையும் சூடாக்க, அச்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். 2005இல் அமெரிக்க மருத்துவர் சிலர் வெளியிட்ட ஆய்வில், வெளியே 22 முதல் 36 பாகை செல்சியஸ் வரையிருந்த வெயில் நாள்களில், நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணித்தியாலத்திற் சராசரி 22 பாகை ஏறியது. அந்த ஏற்றத்தில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தும் பெரும்பயன் கிட்டவில்லை. பிள்ளையையோ முதியவரையோ "இந்தா வருகிறேன்" என்று காரினுள் விட்டுச் செல்வோர் இக்கணக்கை மறத்தலாகாது. விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றி முகத்தில் எறிந்தது. முன்கண்ணாடிக்கு உட்புறமாக நிறுத்தும் வெள்ளித்தகட்டு மறைப்பும், வேம்பின் நிழலும், ஏறுமுன் நான்கு கதவுகளையும் சிறிதுநேரம் திறந்துவைத்தலுமே எமக்குப் பயன்பட்டன. அவற்றுள் விலைகொடுத்து வாங்கியது மறைப்பு ஒன்றே. ஓடும்போது அதனை மடித்து வைத்துவிடுகிறோம். சாரதியின் பக்கக் கண்ணாடியிலிருந்த கறுப்புத் திரையையும் கழற்றிவிட்டோம்.

வாசனைப் போத்தலின் கதை சிறிது. கண்ணாடியாலான கனத்த போத்தல், டாஷ்போட்டில் ஒட்டியிருந்தது, வெயிலிற் பசை இளகி ஒருநாள் தாயாரின் மடியில் விழுந்தது. மெதுவாக விழுந்தமையால் நகைத்தோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத பொருள், 14 மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காயின் வேகத்தோடு முன்னே பாயும் என்று எம் வீட்டு மாணவன் கணக்கிட்டுக் காட்டியபின் நகைப்பு நின்றது. 2025 ஜனவரியிற் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்திய மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் அகற்றுவித்தபோது பலர் சினந்தனர். சாரதியின் நாளாந்த வாழ்விடத்தை அவன் விரும்பியவாறு அழகுபடுத்தல் குற்றமா என்ற அவர்தம் கேள்வியில் எமக்கு அனுதாபம் உண்டு. பார்வையை மறைப்பனவும் பறந்து தாக்குவனவும் அவ்வனுதாபத்துக்குப் புறம்பானவை.

மூன்றாம் பிரயாணத்துக்கு முன்பே காரின் உட்புறம் ஏறக்குறைய வெறுமையாயிற்று. எஞ்சிய இடர் ஒன்றே: தாயாருக்கு ஏறி இறங்குதல். சிறு காரின் ஆசனம் தாழ்வானது. ஒரு காலை உள்ளே வைத்து உடலை மடக்குதல் அவரது முழங்காலுக்குக் கொடுமை. வைத்தியசாலையில் உடற்பயிற்சி கற்பிக்கும் பெண்மணி ஒருவர் வழி கூறினார். முதலில் வெளியே பார்த்தவாறு ஆசனத்தில் அமர்ந்து, பின்னர் இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். திரும்புவதற்கு வழுக்கும் துணியொன்றை ஆசனத்தில் இடலாம் என்றார். வீட்டிலே தாயாரின் பழைய கூறைச் சேலையின் கிழிந்த துண்டொன்று கிடந்தது. அதனை நான்காய் மடித்து இட்டோம். பட்டின்மேல் அவர் குழந்தை போலச் சுழன்று உள்ளே திரும்பினார். அமர்ந்ததும் அதனை உருவி எடுத்துவிடுகிறோம். வழுக்கும் துணிமேல் இருந்து பயணஞ் செய்தல் ஆகாது. "அறுபது வருசத்துக்குப் பிறகு கூறையிலே ஏறிக் கொழுவி இருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கழுத்துத் தலையணையை இப்போது தமக்கையார் மதிய உறக்கத்துக்கு வைத்துக்கொள்கிறார். சரிகைத் துணி வானொலிப் பெட்டியின்மேல் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வந்தது; பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம்; கார் முற்றத்தில் அசையாமற் கிடந்தது. மார்ச்சு இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்த இரவுகளில், காரிலிருந்து கழற்றி எறிந்த விசிறியைத் தேடியெடுத்து, பழைய பற்றரியொன்றில் உரிய பியூஸுடன் பூட்டித் தாயாரின் கட்டிலருகே வைத்தோம். 15 வாற்று விசிறி, ஒரு அம்பியருக்குச் சற்று மேல், விடியும்வரை சுழன்றது. இருட்டினுள்ளிருந்து தாயாரின் குரல் கேட்டது:

"தம்பி, நீ காருக்கு வாங்கினதுக்குள்ளே உது ஒண்டுதான் உருப்படியான சாமான்."